அதே பெட்டிதானா, அதே கோயில்தானா?

பழைய வாக்மேன் ஒன்று பழுதுபார்க்க வந்தால், கைதேர்ந்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் திருப்புளியைத் தொடுவதில்லை. பெட்டியைப் புரட்டிப் பார்க்கிறார். பேட்டரி மூடியைக் கழற்றி, ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண்ணைத் தேடுகிறார். சோனியா, ஐவாவா, நேஷனலா என்று தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே நிறுவனத்தின், பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு பெட்டிகளுக்குள் மோட்டாரும் பெல்ட்டும் வேறு வேறாக இருக்கும். இது இன்னது என்று அறிந்த பிறகுதான் இதற்கு என்ன ஆயிற்று என்று கேட்க முடியும்.

நெகிரி செம்பிலான் தோட்டத்துத் தமிழர்களுக்கு இதே கேள்வி கோயில் வாசலிலும் எழுந்திருக்கிறது. லாபு, நீலாய், ரந்தாவ், சிலியாவ், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில் பால்மரக் காடாக இருந்த நிலங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் இன்று தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகி இடிந்தன. லயத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த மாரியம்மனும் எல்லையில் நின்ற முனியாண்டியும் சில இடங்களில் மக்களோடு பெயர்ந்தார்கள்; சில இடங்களில் செம்பனைக்கு நடுவே தனியே நிற்கிறார்கள். வேறு நிலத்தில், புதிய கல்லில், புதிய கோபுரத்தோடு எழும்பிய கோயிலுக்குள் நுழையும் ஒரு முதியவள், ‘இது நம்ம தோட்டத்து ஆத்தாதானா?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

உறுப்புகள் மாறிய பின்னும் ஒரு பொருள் அதுவாகவே இருக்கிறதா என்பது தத்துவத்தின் மிகப் பழைய வினாக்களில் ஒன்று. அதற்கு மெக்கானிக்கின் மேசையிலிருந்து கிடைக்கும் வெளிச்சம் சிறிதல்ல.

பிலிப்ஸ் நிறுவனம் கையடக்கக் கேசட்டை 1963-இல் வெளியிட்டது. சோனி தன் முதல் வாக்மேனான டிபிஎஸ்-எல்2-வை 1979 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வைத்தது. நிருபர்கள் பேட்டி பதிவதற்காகச் செய்திருந்த ‘பிரஸ்மேன்’ பெட்டியிலிருந்து பதியும் பகுதியையும் ஒலிபெருக்கியையும் எடுத்துவிட்டு, இரு காதுக்கும் தனித்தனி ஒலி வரும்படி மாற்றியமைத்ததே அது. உடல் ஏறத்தாழ அதேதான், பொருள் வேறாகிவிட்டது. அதே பெட்டி அமெரிக்காவில் சவுண்டபௌட் என்றும், பிரிட்டனில் ஸ்டோவவே என்றும், ஸ்வீடனில் ஃப்ரீஸ்டைல் என்றும் விற்கப்பட்டது. உடல் ஒன்றாக இருந்தும் பொருள் மாறலாம், பெயர் பலவாக இருந்தும் பொருள் ஒன்றாக இருக்கலாம் என்பதைப் பிறந்த வேளையிலேயே காட்டிவிட்ட கருவி அது.

மலேசியாவின் புழுக்கத்தில் அந்தக் கருவிக்கு முதலில் கெடுவது பெல்ட். மோட்டாரின் சுழற்சியை நாடாவை இழுக்கும் தண்டுக்குக் கொண்டுபோகும் மெல்லிய ரப்பர் வளையம் அது. பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தால் சிலவற்றில் தொய்ந்துவிடும். சிலவற்றில் உருகிக் கரும்பிசினாகிச் சக்கரத்தின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, பள்ளம் பளிச்சென்று தெரியும்வரை பொறுமையாக எடுக்க வேண்டும். புதிய பெல்ட் இறுக்கமாக இருந்தால் மோட்டார் திணறும். தளர்ந்திருந்தால் பாட்டு அலையும். பேட்டரி கசிந்து பூத்துப்போன முனைகளை வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறதா என்று பார்த்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகைச் சரிசெய்ய வேண்டும். மோட்டாரே போய்விட்டதென்றால் வேறொரு பெட்டியின் மோட்டார், கதவு உடைந்திருந்தால் இன்னொன்றின் கதவு. இத்தனையும் மாற்றிய பிறகு ‘இந்தாங்க, உங்க பெட்டி’ என்று கொடுக்கிறார். உரியவரும் என் பெட்டி என்றுதான் வாங்கிக்கொண்டு போகிறார். இருவரில் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

தத்துவவாதிக்கு வருகிறது.

கிரேக்க அரசன் மெனாண்டர் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கை ஆண்டவன். பாலி நூலான ‘மிலிந்த பஞ்ஹ’ அவனை மிலிந்தன் என்று அழைத்து, நாகசேனர் என்ற பிக்குவோடு உரையாட வைக்கிறது. நீ வந்த தேர் எது, அச்சா, சக்கரமா, நுகமா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்க, அரசன் எதையும் தேர் என்று சுட்ட முடியாமல் நிற்கிறான். இவையெல்லாம் கூடியிருப்பதற்கு நாம் வைத்த பெயரே தேர் என்பது பௌத்தரின் முடிவு. இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல என்கிறது அந்நூல். நியாய, வைசேடிகத் தத்துவ மரபினர் இதை ஏற்கவில்லை. முழுமை என்பது உறுப்புகளில் உறைகிற, உறுப்புகளிலிருந்து வேறான தனிப்பொருள் என்றார்கள். அப்படிச் சொன்னதால் அவர்கள் இன்னொரு கறாரான முடிவுக்கும் வர வேண்டியிருந்தது: ஒரு துணியிலிருந்து ஒரு நூலை உருவினாலும் பழைய துணி அழிந்து புதுத் துணி ஒன்று தோன்றிவிட்டது. அவர்கள் கணக்குப்படி பெல்ட் மாற்றிய பெட்டியே வேறு பெட்டிதான்.

தமிழ் மண்ணும் இந்த வாதத்தில் நன்றாகக் கலந்துகொண்டது. மணிமேகலையின் 29-ஆம் காதை பௌத்த அளவை நூலைத் தமிழில் விரித்துச் சொல்கிறது. பின்னர் 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரின் நான்கு பிரிவுகளையும் எதிரே நிறுத்தி மறுத்தார். எல்லாம் கணந்தோறும் அழிந்து பிறக்கிறது என்னும் கணபங்கக் கொள்கைக்கு எதிராக மற்ற மரபுகள் திரும்பத் திரும்ப முன்வைத்த சான்று நினைவு. நேற்றுக் கண்டவன் நேற்றோடு அழிந்தான் என்றால் இன்று நினைப்பவன் யார்? நினைவு இருக்கிறதென்றால் நினைப்பவனும் தொடர்ந்து இருக்கிறான் என்றல்லவா பொருள்?

உயிருக்கு இந்த விடை பொருந்துகிறது. பெட்டிக்கும் கட்டடத்துக்கும் தம்மைப் பற்றிய நினைவு கிடையாது. அவற்றுக்காக நினைத்துக்கொள்ள யாராவது வேண்டும்.

மேற்கிலும் இதே சிக்கல் ஒரு கப்பலின் பெயரால் வழங்குகிறது. ஏதென்ஸ் மக்கள் தீசியஸின் கப்பலைப் பாதுகாத்து, மக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்ததை புளூட்டார்க் எழுதினார். தாமஸ் ஹாப்ஸ் 1655-இல் அதை இன்னும் இறுக்கினார்: கழித்த பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் பொருத்தி இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? தோட்டத்துக் கோயில்களைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கற்பனை அல்ல. நிலத்தை வாங்கியவர் கொடுத்த மாற்று நிலத்தில் புதுக் கோயில் கட்டிக் குடமுழுக்கும் நடந்திருக்கும். பழைய இடத்து மரத்தடியில் ஒரு சூலமும் கல்லும் மிஞ்சியிருக்க, அங்கேயும் யாரோ வந்து கற்பூரம் ஏற்றுவார்கள்.

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இந்தச் சிக்கலைக் கையாண்ட முறை நினைக்கத் தக்கது. பழைய மூலவர் என்று மரபு சொல்லும் அத்தி வரதரின் மரத் திருமேனி, அனந்தசரஸ் குளத்தின் அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருகிறது. முதல் வாக்மேன் கடைக்கு வந்த அதே 1979-இல் வந்தது. பிறகு 2019-இல் 48 நாள் தரிசனம் தந்தது. கருவறையில் கல் திருமேனி, குளத்தில் மரத் திருமேனி. எது உண்மையானது என்று ஒன்றைத் தேர்ந்து மற்றதை ஒதுக்கவில்லை. இரண்டையும் போற்ற இடம் செய்துவைத்தார்கள்.

ஆகம மரபு இன்னும் நுட்பமான ஒரு வழியைக் கண்டது. கோயிலைப் புதுப்பிக்கும் முன் பாலாலயம் செய்கிறார்கள். மூலவரின் ஆற்றல் கும்பத்துக்கு அழைக்கப்பட்டு, பலகையிலோ படத்திலோ தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது. கருவறையில் வேலை நடக்கும்போதும் பூசை நிற்பதில்லை. பாலாலயமாகிய இளங்கோயிலில் விளக்கு எரிகிறது. வேலை முடிந்ததும் குடமுழுக்கில் அந்த ஆற்றல் திரும்புகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கம். திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தன மருந்து நாளடைவில் இறுகி வெடித்துப்போகும் என்பது அதற்கு ஒரு காரணம். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்ற எட்டையும் சேர்த்து இடித்துச் செய்யும் மருந்து அது. தெய்வத்துக்கும் பீடத்துக்கும் நடுவில் உள்ள பிணைப்பு தேயக்கூடியது, காலம் பார்த்து மாற்ற வேண்டியது என்று ஒப்புக்கொண்ட மரபு இது.

பூரி ஜகந்நாதர் கோயிலில் மரத் திருமேனிகளையே மாற்றிவிடுகிறார்கள். 1996-க்குப் பிறகு 2015-இல் நவகளேவரம் என்னும் இந்த மாற்றம் நடந்தது. பழைய திருமேனியிலிருந்து ‘பிரம்ம பதார்த்தம்’ எனப்படும் ஒன்றை, கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு எடுத்துப் புதியதில் வைக்கிறார்கள். ஜப்பானின் இசே ஆலயம் இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் முழுதாகப் புதிதாகக் கட்டப்படுகிறது. கடைசியாக 2013-இல், 62-ஆம் முறையாக. இந்த ஆலயங்கள் எதிலும் பழம்பொருள் அப்படியே இருப்பது தொடர்ச்சிக்கு அடிப்படையாகக் கொள்ளப்படவில்லை. அறுபடாமல் கைமாறுவது எதுவோ அதையே அடிப்படையாகக் கொண்டார்கள்.

தோட்டத்துக் கோயிலில் அப்படிக் கைமாறுவது எது?

அதைக் கேட்க, அங்கு ஒலித்தவற்றைக் கேட்க வேண்டும். 1946 ஏப்ரலில் தொடங்கிய மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தோட்டங்களையும் எட்டியது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, கேசட் வந்தது. திருவிழா என்றால் கோயில் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனும் டி.எம். சௌந்தரராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும் விடியுமுன்பே பாடத் தொடங்குவார்கள். கந்த சஷ்டிக் கவசம் சூலமங்கலம் சகோதரிகளின் குரலில்தான் பலருக்கு மனப்பாடம் ஆயிற்று. அந்த நாடாக்கள் எந்தத் தோட்டத்திலும் ஒன்றுதான். ஆனால் முதல் வாக்மேனில் இல்லாத பதியும் வசதி வீட்டுக் கேசட் பெட்டியில் இருந்தது. பூசாரியின் உடுக்கையும், கரகம் எடுத்து வரும்போது பெண்கள் போட்ட குலவையும், மாரியம்மன் தாலாட்டும், உறுமி மேளக் குழுவின் அடியும், சாமி வந்தவர் சொன்ன வாக்கும் வெற்று நாடாவில் ஏறின. சென்னையில் அச்சிட்ட கேசட் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். தோட்டத்தில் பதிந்த நாடாவுக்கு மறுபிரதி இல்லை.

ஒலி நிலையானதா, தோன்றி மறைவதா என்பதும் இந்தியத் தத்துவத்தில் பெரும் வழக்கு. மீமாம்ச மரபினரான மீமாம்சகர் ஒலி நித்தியம் என்றார்கள். வாய் அதை உண்டாக்குவதில்லை, வெளிப்படுத்துகிறது. அதனால்தான் வெவ்வேறு வாயிலிருந்து வந்தாலும் இது அதே எழுத்து என்று அறிகிறோம் என்பது அவர்கள் வாதம். நியாய மரபினரான நையாயிகர் மறுத்தார்கள். ஒவ்வொரு ஒலியும் பிறந்து அழிகிறது; அதே என்று தோன்றுவது ஒரே இனம் என்பதால்தான். பக்திப் பாடல் கேசட்டைப் பார்த்தால் மீமாம்சகர் சொல்வது சரியெனப் படுகிறது: எத்தனை பெட்டியில் போட்டாலும் அதே கவசம். திருவிழா நாடாவைப் பார்த்தால் நையாயிகர் வெல்கிறார். அந்த ஆண்டு, அந்த இரவு, அந்தத் தொண்டை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மெக்கானிக்குக்குத் தெரிந்த ஒரு நுணுக்கம் தத்துவத்துக்கு உதவுகிறது. நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட் என்ற சிறு உலோகத் துண்டு, நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு சிறு திருகு, அசையாதிருக்கப் பெயின்ட் சொட்டு வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். மயிரிழை சாய்ந்தாலும் உயர்ந்த ஒலிகள் மங்கி, பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஆகவே சரியான சாய்வுக்கு நிறுத்துவதே பழுதுபார்த்தல் என்று தோன்றும். கடையில் வாங்கிய கேசட்டுக்கு அது உண்மை. ஆனால் ஹெட் சாய்ந்திருந்த பெட்டியில் வீட்டில் பதிந்த நாடா, அந்தச் சாய்வோடேயே பதிந்திருக்கிறது. நேராக நிமிர்த்திய பெட்டியில் போட்டால் அந்த நாடா மங்குகிறது. அதைப் பதிந்த குறையுள்ள பெட்டியில், அல்லது அதே அளவு ஹெட்டைச் சாய்த்துக்கொண்ட பெட்டியில்தான் தெளிவாகப் பேசுகிறது. அனுபவம் உள்ளவர் அப்படிப்பட்ட நாடா வந்தால் அளவுக் கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு, நாடாவை ஓடவிட்டு, ‘ச’வும் ‘ஸ்’ஸும் கூர்மையாகக் கேட்கும்வரை திருகைக் காதால் கேட்டுத் திருப்புகிறார்.

ஆக, பழுதுபார்த்தலில் இரண்டு உண்டு. ஒன்று, மாடல் எண்ணுக்கு ஏற்பப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருவது. மற்றொன்று, அந்தப் பெட்டி எதைச் சுமந்ததோ அதற்கு ஏற்ப நிறுத்துவது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். விலகும்போது எதன் பக்கம் நிற்பது என்பதுதான் உண்மையான வினா. தோட்டத்துக் கோயில்களுக்கு நேர்ந்ததும் இந்த விலகல்தான்.

தோட்டத்துக் கோயில்கள் பல ஒரு கல்லோ சூலமோ மரமோ கொண்டு தொடங்கின. பிறகு துத்தநாகக் கூரை, பிறகு செங்கல் சுவர். பூசாரி பெரும்பாலும் பால் வெட்டுபவர்களில் ஒருவர். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போய், மங்குப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு வந்து குளித்து விளக்கேற்றுபவர். சொல்லப்பட்டது தமிழ், படைக்கப்பட்டது வீட்டில் சமைத்தது. முனியாண்டிக்குச் சுருட்டு, மதுரை வீரனுக்குச் சேவல். பெயர்ந்து தாமானுக்கு வந்து, கோபுரம் எழுப்பி, தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளையும் சிவாசாரியார்களையும் வரவழைத்துக் குடமுழுக்கு நடத்தியபோது பல இடங்களில் இவை மாறின. தாலாட்டு நின்றது, உடுக்கை ஓரத்துக்குப் போயிற்று, பலி நின்றது, முனியாண்டி முனீஸ்வரர் ஆனார். கட்டியவர்கள் அன்போடும் வியர்வையோடும் கட்டினார்கள். நிலைத்த கட்டடமும் முறையான பூசையும், நிலப்பட்டா இல்லாமல் பல தலைமுறை அஞ்சிக் கிடந்த ஒரு சமூகத்துக்கு மதிப்பையும் பாதுகாப்பையும் தந்தன. அதைக் குறைத்துப் பேசுவது நன்றியில்லாத பேச்சு. ஆகமம் எந்தக் கோயிலுக்கும் பொருந்தும் பொதுவளவு, பொதுவளவு வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோயில் பொதுவளவில் பதியப்பட்டதல்ல. அதற்கென்று ஒரு சாய்வு இருந்தது. நிமிர்த்தியபோது அந்தச் சாய்வில் பதிந்திருந்தது மங்கிவிட்டது.

முதியவளின் கேள்விக்கு இப்போது ஒரு பதில் சொல்லலாம். கல் மாறியதால் ஆத்தா மாறிவிடவில்லை. ஆகமமே அதற்கு வழி வைத்திருக்கிறது. நிலம் மாறியதாலும் இல்லை. மலேசியாவில் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்துப் பெயரைச் சுமந்துகொண்டே வீடமைப்புப் பகுதிக்குப் பெயர்ந்திருக்கின்றன. தோட்டம் போன பின்னும் பிள்ளைகள் அந்தப் பெயரில்தான் படிக்கிறார்கள். திருவிழாவுக்குக் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்து, எந்த லயத்தில் யார் பக்கத்து வீடு என்று பேசிக்கொள்கிறவர்கள் இருக்கும்வரை கோயிலுக்காக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவளுக்குத் தெரிந்த முறையில் அவளால் அழைக்க முடியாமல் போயிருந்தால், அழைத்த பாட்டு அங்கே இடமற்றுப் போயிருந்தால், அவள் சந்தேகம் நியாயமானது. ஆத்தாவை அடையாளம் காணும் உரிமை முதலில் அவளுக்குத்தான். சிற்பிக்கும் நிலம் கொடுத்தவருக்கும் அதன் பிறகே.

இதில் செய்யக்கூடிய வேலை இருக்கிறது, அதற்குக் காலமும் குறுகிக்கொண்டிருக்கிறது. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் இன்று அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் வீட்டுப் பிஸ்கட் டின்களில் கிடக்கும் நாடாக்களில் ஈரப்பதத்தால் வெள்ளைப் பூஞ்சை படர்கிறது. நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளத் துண்டு பசை காய்ந்து உதிர்கிறது. பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே ஓடவிட்டால் பெட்டியும் கெடும், அடுத்துப் போடும் நாடாவுக்கும் அது பரவும். முதலில் துடைக்க வேண்டும், உதிர்ந்த துண்டை வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும், ஒவ்வொரு நாடாவுக்கும் தனியாக ஹெட்டைச் சாய்த்துக் கேட்டுக் கணினியில் ஏற்ற வேண்டும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டுத் திருவிழா, உடுக்கை யாருடையது என்று தெரிந்தவர்களை உட்காரவைத்து எழுதிக்கொள்ள வேண்டும். குடமுழுக்குக்கு நிதி திரட்டும் கோயில் குழுக்கள் கோபுர வண்ணத்துக்கும் யாகசாலைக்கும் தொகை ஒதுக்குகின்றன. பாலாலயத்துக்கு நாள் குறிக்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலையாக இதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். குடமுழுக்கு முடிந்து நடக்கும் 48 நாள் மண்டலாபிஷேகத்தில் ஒரு மாலையேனும், அந்த நாடாவிலிருந்து எழுதியெடுத்த தாலாட்டைப் புதிய கருவறையின் முன் தோட்டத்துப் பெண்கள் பாடுவதற்கென்று விட வேண்டும்.